பாறை ஏறும் வண்டிக்கு முன் ஆக்சில், பின் ஆக்சில் ரேஷியோ தேர்வு: 37 அங்குல டயருக்கு என்ன போடுவது?

கேள்வி இது: ஜீப் ராங்லர் ஜே.எல். ரூபிகான், ஆறு கியர் மேனுவல். 33 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 37 அங்குலம் மாட்டப் போகிறார்கள். ஆக்சிலில் இப்போது இருக்கும் ரேஷியோ 4.10, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) 4.10 முறை சுற்ற வேண்டும். பாறையில் மெதுவாக ஊர்ந்து போக எந்த ரேஷியோ சரி? முன்சக்கரம் சற்று வேகமாகச் சுற்றினால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்று சொல்கிறார்களே, முன்னால் 4.56, பின்னால் 4.88 என்று மாற்றிப் போடலாமா?

இரண்டு ஆக்சிலிலும் 4.88 போடுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறாகப் போடவே வேண்டாம். இன்னும் மெதுவாக ஊர வேண்டுமென்றால் அந்த வேலையை டிரான்ஸ்ஃபர் கேஸிடம் (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி; மெதுவாக ஊர அதில் ‘லோ’ என்ற கியரும் உண்டு) கொடுங்கள். ஆக்சில் ரேஷியோவைத் தீர்மானிப்பது டயரின் அளவு. பாறையில் ஊரும் வேகத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பணம் போகிறது, கியர் பல்லும் உடைகிறது.

முதலில் டயர் கணக்கு. டயரின் பக்கவாட்டில் 37 என்று அச்சிட்டிருந்தாலும், வண்டியின் எடை மேலே இருக்கும்போது அது உருளும் விட்டம் அவ்வளவு வராது. சாக்பீஸால் டயரிலும் தரையிலும் ஒரு கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி, பத்துச் சுற்று போன தூரத்தை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான சுற்றளவு. இங்கே கணக்குக்காக 33 அங்குல டயர் 0.81 மீட்டர் விட்டத்திலும், 37 அங்குல டயர் 0.90 மீட்டர் விட்டத்திலும் உருளுவதாக வைத்துக்கொள்வோம்.

தேவையான ரேஷியோ = பழைய ரேஷியோ × புதிய விட்டம் ÷ பழைய விட்டம்
4.10 × 0.90 ÷ 0.81 = 4.56

ஆக 4.56 போட்டால் வண்டி பழைய நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். பழைய நிலை போதாது. டயர் கனமாகிவிட்டது, அந்தக் கனம் சக்கரத்தின் வெளி விளிம்பில் இருக்கிறது, வண்டி உயர்ந்துவிட்டதால் காற்றும் கூடுதலாகத் தடுக்கிறது. அதனால் கணக்கில் வரும் எண்ணுக்கு அடுத்த படியை எடுப்பதுதான் வழக்கம். இங்கே அது 4.88.

நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்று பார்ப்போம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இந்த 37 அங்குல டயர் நிமிடத்துக்குச் சுமார் 589 சுற்று சுற்றும். கடைசி கியர் 0.72 என்று கொண்டால் எஞ்சின் 4.10-இல் 1,740, 4.88-இல் 2,070, 5.38-இல் 2,280 ஆர்.பி.எம். ஓடும். பழைய 33 அங்குல டயரில் இதே வண்டி 1,930-இல் ஓடிக்கொண்டிருந்தது. 4.10-ஐ மாற்றாமல் விட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும், ஆறாவது கியர் வெறும் அலங்காரமாகிவிடும். 4.88 அதைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சரியான இடத்தில் வைக்கிறது. 5.13-உம் தவறல்ல. வண்டியில் நிறைய எடை ஏற்றியிருந்தாலோ, பின்னாளில் 40 அங்குல டயருக்குப் போகும் எண்ணமிருந்தாலோ அதை எடுக்கலாம்.

இனி ஊரும் வேகம். கியர்பாக்ஸின் முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சில் ரேஷியோ மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் கிரால் ரேஷியோ. இந்த வண்டியில் 5.13 × 4.0 × 4.10 = 84. அதாவது எஞ்சின் 84 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 4.88 போட்டால் 100 ஆகிறது. எஞ்சின் 700 ஆர்.பி.எம். ஐட்லில் ஓடும்போது 37 அங்குல டயரில் கிடைக்கும் வேகத்தைப் பாருங்கள். 4.10 என்றால் மணிக்கு 1.4 கி.மீ., 4.88 என்றால் 1.2, 5.38 என்றால் 1.1. 4.88-இலிருந்து 5.38-க்குப் போய் நெடுஞ்சாலையில் 200 ஆர்.பி.எம். கூட்டிக்கொண்டு, ஆக்சிலுக்குள் இருக்கும் சிறிய கியரான பினியனையும் சன்னமாக்கிக்கொண்டு, கடைசியில் கிடைப்பது மணிக்கு 0.1 கி.மீ. அதே 4.88-ஐ வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸை 4.0-இலிருந்து 5.0-க்கு மாற்றினால் கிரால் ரேஷியோ 125, வேகம் 0.95 கி.மீ. நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஒரு சுற்றுகூட மாறாது. அட்லஸ் மாதிரியான கியர் டிரைவ் (செயின் இல்லாமல் கியர்களாலேயே இயங்கும்) டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் 3.0, 3.8, 4.3, 5.0 என்று பல லோ ரேஷியோக்களில் கிடைப்பது இதற்காகத்தான்.

சின்ன வண்டிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். புதிய சுஸுகி ஜிம்னி மேனுவலில் 4.425 × 2.0 × 4.09 = 36 தான். அதே 700 ஆர்.பி.எம். ஐட்லிலேயே கிட்டத்தட்ட மணிக்கு 2.5 கி.மீ. போய்விடும். பாறைப்படியில் இது ஓட்டம். ஆக்சிலில் எவ்வளவு பெரிய எண் போட்டாலும் 36-ஐ 50-க்கு மேல் கொண்டுபோவது கடினம். அங்கே முதலில் மாற்ற வேண்டியது லோ ரேஷியோதான். அதனால்தான் பழைய சுஸுகி சாமுராய்களில் 4.16 அல்லது 6.5 லோ கியர் செட்டை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போடும் வழக்கம் பரவியது.

எத்தனை போதும் என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் பாகம்) வழுக்கிக்கொடுத்து மீதியைப் பார்த்துக்கொள்வதால் 50, 60 இருந்தாலே பெரும்பாலான பாறைத்தடங்களில் சமாளிக்கலாம். மேனுவலில் கிளட்சைத் தொடாமல் ஊர 80-க்கு மேல் வேண்டும், 100 நல்ல இடம். 150-ஐத் தாண்டினால் வேறு தொல்லை: வழுக்கும் ஏற்றத்தில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிச் சேற்றை உதற வேண்டிய நேரத்தில் எஞ்சின் ரெட்லைனுக்கு (தாண்டக் கூடாத உச்சச் சுற்றுக்கு) போய்விடும், சக்கரம் ஆமை வேகத்தில் இருக்கும்.

பலர் நினைப்பதுபோல் இந்த லோ கியரெல்லாம் பலத்துக்காக இல்லை. 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தரும் எஞ்சினை 100-ஆல் பெருக்கினால் 35,000 நியூட்டன் மீட்டர். 2,300 கிலோ வண்டியின் நான்கு டயரும் காய்ந்த பாறையை முழுதாகப் பிடித்தாலும் தாங்கக்கூடியது சுமார் 10,000 தான் (எடை 22,500 நியூட்டன், ஆரம் 0.45 மீட்டர், உராய்வு 1 என்று வைத்து). அதற்கு மேல் டயர் வழுக்கிவிடும். அதாவது பலம் ஏற்கெனவே மூன்று மடங்கு மிகுதி. லோ கியர் தருவது நிதானம்: ஒரு டயரைப் பாறையின் விளிம்பில் வைத்து, அது பிடிக்கிறதா என்று பார்த்து, அரைச் சாண் நகர்த்தும் நிதானம். ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. டயர் வழுக்கும்வரை ஆக்சில் பிழைக்கும். டயர் இரண்டு பாறைக்கு நடுவே ஆப்பு மாதிரி சிக்கிவிட்டால் வழுக்க முடியாது. அப்போது அந்த 35,000-இல் எவ்வளவு வந்தாலும் ஏதாவது ஒரு ஷாஃப்டோ பல்லோதான் வாங்க வேண்டும். லாக்கர் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) போட்டிருந்தால் ஆக்சிலுக்கு வரும் டார்க் முழுவதும் சிக்கிய பக்கத்து ஒற்றை ஷாஃப்ட் வழியாகவே போகும். சிக்கிய டயரை ஆக்சிலரேட்டரால் பிடுங்க நினைக்காதீர்கள். பின்னால் எடுங்கள், இல்லையென்றால் வின்ச் (வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) போடுங்கள்.

இப்போது முன்பின் ரேஷியோ விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இயக்கும்) டிரான்ஸ்ஃபர் கேஸில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்படுகின்றன. நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் 4.56, பின்னால் 4.88 என்றால் முன்சக்கரம் 7 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். 100 மீட்டர் போனால் ஏதோ ஒரு ஆக்சிலின் டயர்கள் 7 மீட்டர் வழுக்கியே ஆக வேண்டும். மணலில், சேற்றில் அது நடந்துவிடும். பிடிப்பான பாறையில் டயர் விடாது. முறுக்கம் ஷாஃப்டுகளிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினிலும் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு டயர் திடீரென்று விடும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், மறுபடி முறுக்கம் ஏறும். நீங்கள் பணம் செலவழித்து வாங்கிய நிதானத்தை இந்தக் குலுக்கு கெடுத்துவிடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்திருக்கும்போது அந்தக் குலுக்கு வந்தால் முன் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் (சக்கரம் திரும்பும்போது வளைந்துகொடுக்கும் இணைப்பு) உடையும், ஏனெனில் ஒடிந்த கோணத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. லீவர் லோவிலிருந்து வெளியே வர மறுப்பது, ரிவர்ஸ் எடுத்தால் ‘டக்’ என்று விடுவது, இவை முறுக்கம் ஏறியிருப்பதற்கான அடையாளங்கள்.

அப்படியானால் துளி வித்தியாசமும் கூடாதா? கூடும். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. வேறு வேறு தயாரிப்பு ஆக்சில்களை முன்னும் பின்னும் மாட்டும்போது பற்களின் எண்ணிக்கை அச்சாக ஒத்துப்போகாது. டானா நிறுவன ஆக்சிலில் 4.88 என்பது 39 பல்லுக்கு 8 பல். ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் அதற்கு இணை 4.86, அதாவது 34-க்கு 7. வித்தியாசம் 0.4 சதவீதம்கூட இல்லை. 5.13 (41-க்கு 8), 5.14 (36-க்கு 7) இணையும் அப்படித்தான். 5.38 (43-க்கு 8), 5.43 (38-க்கு 7) இணை சரியாக ஒரு சதவீதம் வரும், அது எல்லை. தொழிற்சாலையிலேயே முன்னால் 4.09, பின்னால் 4.10 என்று வந்த பழைய டிரக்குகள் உண்டு.

இதைவிடப் பெரிய வித்தியாசத்தை டயர் தேய்மானமே உண்டாக்கிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பின் டயர் முன் டயரைவிட 5 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருந்தால் ஆரத்தில் 1 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. ரேடியல் டயரில் உருளும் சுற்றளவு அந்த அளவுக்கே குறையாது என்றாலும் திசை அதுதான். முன்பின் டயர்களைத் தவறாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். காற்றழுத்தத்தை இறக்கும்போதும் இரண்டு ஆக்சிலிலும் ஒரே அளவுக்கு டயர் அமுங்குகிறதா என்று பாருங்கள்.

முன்சக்கரம் வேகமாகச் சுற்றினால் நல்லது என்ற பேச்சு வெறும் கட்டுக்கதை இல்லை. ரிமோட்டில் ஓடும் சின்ன கிராலர்களில் (பாறை ஏறும் பொம்மை வண்டிகளில்) முன்னால் ஓவர்டிரைவ், அதாவது முன்சக்கரத்தை வேகமாகச் சுற்றவைக்கும் ரேஷியோ, போடுவது பரவலான வழக்கம். பத்து, இருபது சதவீதம்கூடப் போடுகிறார்கள். அது வேலை செய்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2.5 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி சக்கரத்தை 35 டிகிரி ஒடித்துத் திரும்பினால் முன் ஆக்சிலின் நடு 4.36 மீட்டர் ஆரத்தில் போகிறது, பின் ஆக்சிலின் நடு 3.57 மீட்டர் ஆரத்தில் போகிறது. முன்பக்கம் 22 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். பூட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ் அதை அனுமதிப்பதில்லை, அதனால் பின்பக்கம் முன்பக்கத்தைத் தள்ளுகிறது, வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகிறது. ஓவர்டிரைவ் அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. ஏற்றத்தில் முன்பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதால் வண்டி மல்லாந்து விழும் போக்கும் சற்றுத் தணிகிறது. ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள பொம்மை வண்டியில் டயர் சுலபமாக வழுக்கி முறுக்கத்தைக் கழித்துவிடும். 2,300 கிலோ வண்டியில் அதை ஷாஃப்ட்தான் சுமக்கும். சாலைக்கும் போய் வரும் வண்டியில் இன்னும் மோசம்.

முழு அளவு வண்டியில் இதே பலனைப் பெற வேறு வழி இருக்கிறது: முன்னையும் பின்னையும் தனித்தனி லீவரால் இணைக்கவும் பிரிக்கவும் முடிகிற டிரான்ஸ்ஃபர் கேஸ். நெருக்கமான திருப்பத்தில் லோவிலேயே பின் ஆக்சிலைப் பிரித்துவிட்டு முன்சக்கரத்தால் மட்டும் மூக்கை இழுத்துத் திருப்பலாம், திரும்பியதும் மறுபடி இணைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் வண்டியின் முழு இழுவையும் முன் ஷாஃப்டில்தான் இருக்கிறது, அதுவும் ஒடிந்த கோணத்தில். வலது காலைப் பஞ்சு மாதிரி வையுங்கள்.

ரேஷியோ எண் கூடக்கூட ஏன் பல் பலவீனமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பினியன் சுழற்றும் பெரிய கியரான கிரவுன் வீலின் விட்டம் ஆக்சில் கூட்டுக்குள் அடங்க வேண்டும், அதைப் பெரிதாக்க முடியாது. ஆகவே ரேஷியோவைக் கூட்ட வேண்டுமானால் பினியனைத்தான் சிறிதாக்க வேண்டும். 4.10-இல் 41-க்கு 10, 4.56-இல் 41-க்கு 9, 4.88-இல் 39-க்கு 8. பினியனின் தலை சிறுக்கச் சிறுக்க ஒரே நேரத்தில் கவ்வும் பற்களின் பரப்பும் குறைகிறது. கிரவுன் வீல் 7.2 அங்குலமுள்ள டானா 30-இல் 37 அங்குல டயருடன் 5.13 போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 8.5 அங்குல டானா 44-இல் அதே ரேஷியோ தாங்கும், 9.75 அங்குல டானா 60-இல் யோசிக்கவே வேண்டாம்.

பினியன் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதும் சேர்ந்த விஷயம். சாதாரண, அதாவது கீழ்ப் பினியன் கூட்டை முன் ஆக்சிலாகத் திருப்பி வைத்தால், முன்னோக்கி ஓடும்போது பல்லின் பலவீனமான கோஸ்ட் பக்கம் (வழக்கமாக ஆக்சிலரேட்டரை விட்டு உருளும்போது மட்டும் அழுத்தம் வாங்கும் பக்கம்) சுமை தாங்குகிறது. மேல் பினியன் கூட்டில் பல் எதிர்ச்சுருளாக வெட்டப்பட்டிருப்பதால் முன் ஆக்சிலில் சுமை பலமான டிரைவ் பக்கத்தில் விழும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் பாறைக்கு மேலே நிற்கும். எனவே முன்னால் மேல் பினியன் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதையே போட்டால் சுமை கோஸ்ட் பக்கத்துக்குப் போய்விடும், அங்கே வழக்கமான கீழ்ப் பினியனே பலம்.

ஆக்சில் ரேஷியோவைக் கூட்டுவதில் ஒரு நன்மையும் உண்டு: அதே கிரால் ரேஷியோவுக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் டார்க் குறைவு, ஏனெனில் கடைசிப் பெருக்கம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. இந்த யோசனையை இன்னும் ஒரு படி தள்ளினால் வருவது போர்ட்டல் ஆக்சில், அதாவது சக்கர ஹப்பிலும் ஒரு கியர் குறைப்பு வைத்த ஆக்சில். ஹம்மர் எச்1-இல் டிஃபரன்ஷியல் 2.73 தான், சக்கர ஹப்பில் 1.92, இரண்டும் சேர்ந்து 5.24. ஆக்சில் ஷாஃப்டும் கிரவுன் பினியனும் இலேசான சுமையில் ஓடுகின்றன, வண்டியின் வயிறும் உயர்கிறது. எடையும் விலையும் கூடுதல் என்பதால் இது எல்லோருக்குமான வழி இல்லை. மறுபக்கம், ரேஷியோ கூடினால் நெடுஞ்சாலையில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். 100 கி.மீ. வேகத்தில் 4.10-இல் 2,415 ஆர்.பி.எம்., 4.88-இல் 2,875. வண்டியை உயர்த்தியதால் ஜாயின்ட் கோணம் கெட்டிருந்தால், முன்பு தெரியாத அதிர்வு இப்போது தெரியும்.

பொருள் வாங்கும் முன் வண்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சோதியுங்கள், குறிப்பாகப் பழைய வண்டி என்றால். ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஓபன் டிஃபரன்ஷியல் (லாக்கர் இல்லாதது) என்றால் ஒரு சக்கரம் தரையில் இருக்க மற்றதை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 41 முறை சுற்றினால் 4.10, 45-க்கும் 46-க்கும் நடுவே நின்றால் 4.56. இரண்டு ஆக்சிலுக்கும் தனித்தனியே செய்யுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள், நியூட்ரலில் வண்டி உருளும்.

பழைய டானா ஆக்சில்களில் கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் பாகம்) எல்லை ஒன்று இருக்கிறது. டானா 30-இல் 3.54 வரை ஒரு கேரியர், 3.73 முதல் இன்னொன்று. டானா 44-இல் 3.73 வரை ஒன்று, 3.92 முதல் மற்றொன்று. டானா 60-இல் 4.10 வரை ஒன்று, 4.56 முதல் வேறு. எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்றால் கேரியரும் மாற்ற வேண்டும், அல்லது தடித்த கிரவுன் வீல் தேட வேண்டும். லாக்கர் போடும் எண்ணமிருந்தால் அதே சமயத்தில் புதிய ரேஷியோவுக்கான லாக்கரை வாங்கிவிடுங்கள், இரண்டு முறை கூட்டைத் திறக்க வேண்டியதில்லை.

மாட்டும் வேலையில்தான் பெரும்பாலான செட்டுகள் சாகின்றன. பேரிங், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), சீல், கிரவுன் போல்ட் எல்லாம் புதிதாக உள்ள முழு கிட் வாங்குங்கள். பினியன் ஆழம், பினியன் பேரிங் ப்ரீலோட் (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கும் அளவு), பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி), கேரியர் ப்ரீலோட் என்ற நான்கையும் அளந்தே வைக்க வேண்டும். புதிய பினியன் பேரிங்கைச் சுழற்றப் பொதுவாக 1.5 முதல் 2.5 நியூட்டன் மீட்டர், பேக்லாஷ் 0.15 முதல் 0.25 மி.மீ. உங்கள் ஆக்சிலுக்கும் அந்தக் கியர் செட்டுக்கும் தயாரிப்பாளர் தந்த எண் வேறாக இருந்தால் அதுவே சட்டம். பல்லில் சாயம் தடவிச் சுழற்றிப் பாருங்கள். தடம் பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் ஆழமாகப் போயிருக்கிறது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். நுனியில் விழுந்தால் ஷிம் கூட்ட வேண்டும். பேக்லாஷ் எண் சரியாக வந்துவிட்டது என்பதற்காகத் தடத்தைப் பார்க்காமல் மூடிவிடுவது மிகப் பொதுவான தவறு. எண் சரியாக இருந்தும் பினியன் ஆழம் தவறாக இருக்கலாம். நசுங்கும் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி ப்ரீலோட் தரும் குழல்) உள்ள ஆக்சிலில் நட்டை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டால் தளர்த்தி விடுவது தீர்வல்ல, புது ஸ்லீவ் போட வேண்டும். பாறை வண்டிக்கு அந்த ஸ்லீவையே தூக்கிவிட்டு ஷிம் வைத்த கெட்டி ஸ்பேசர் போடுவது நல்லது. அடி வாங்கி வாங்கி ஸ்லீவ் இன்னும் நசுங்கினால் ப்ரீலோட் போய்விடும், பினியன் ஆடத் தொடங்கும், பிறகு பல் உதிரும்.

ஜே.எல். போன்ற வண்டிகளில் புதிய ரேஷியோவையும் டயர் அளவையும் கணினியில் பதிய வேண்டும். இல்லையென்றால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்வதோடு ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கட்டுப்பாடும் குழம்பும்.

முதல் ஓட்டத்தில் 25, 30 கி.மீ. மிதமான வேகத்தில் போய், நிறுத்தி, கூடு முழுதாக ஆறும்வரை அரைமணி நேரம் விடுங்கள். புதுப் பற்கள் ஒன்றையொன்று உரசிப் பழகும்போது கடுமையாகச் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய்ப் படலம் உடைந்தால் பல் மெருகு போய்விடும். முதல் 800 கி.மீ. வரை பாரம் இழுப்பதும் பாறைக்குக் கொண்டுபோவதும் வேண்டாம். அதன்பின் ஆக்சில் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஜி.எல்.-5 தர கியர் எண்ணெய் ஊற்றுங்கள். வடியும் எண்ணெயில் வெள்ளி நிறத்தில் பசை போன்ற மிக நுண்ணிய பொடி காந்த மூடியில் ஒட்டியிருந்தால் அது இயல்பு. விரலில் நெருடுகிற துணுக்கோ செதிலோ கிடைத்தால் எண்ணெய் ஊற்றி மூடாமல், கூட்டின் மூடியைக் கழற்றிச் சாயத் தடத்தை மறுபடி பாருங்கள்.